அப்பாவின் கேமராவுக்குக் காது முளைத்தது

கம்ப்யூட்டரைத் திறந்ததும் பாப்பா போட்ட சத்தத்தில், பக்கத்தில் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நடுங்கி, யாரோ ஒருவருடைய காது போய்விட்டது. படத்தில்தான்.

"யாரு இதைத் தொட்டது? உண்மையைச் சொல்லிடுங்க, யாரு?"

"நான் தொடலைடி. எனக்கு இந்தக் கத்தரிக்கோலே போதும்" என்றாள் அம்மா.

அப்படியென்றால் பாக்கி இருப்பது ஒரே ஆள்தான். அந்த ஆள் வாசல்படியில் உட்கார்ந்து கேமரா லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மகளின் குரல் கேட்டதும் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"அப்பா!"

"என்னம்மா?"

"கம்ப்யூட்டர்ல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. நேத்து சாயங்காலம் படம் காப்பி பண்ண உக்காந்தேன். ஒரு பெட்டி வந்து வந்து முன்னாடி நின்னுச்சு. ஒரு அமுக்கு அமுக்கினேன், போயிடுச்சு."

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு?"

"அதை யாரு படிச்சா?"

அதுதான் அப்பா. திரையில் எது வந்து நின்றாலும் 'சரி' என்று அமுக்கிவிடுவார். வேறு எதற்கும் அவ்வளவு லேசில் சரி சொல்கிற மனுஷர் இல்லை.

எடிட்டிங் சாப்ட்வேரின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றிவிடலாமா என்று அந்தப் பெட்டி கேட்டிருக்கிறது. அப்பா அனுமதி கொடுத்தார், அது மாற்றிவிட்டது. போதாக்குறைக்கு, பாதியில் கிடந்த வேலைகளையும் புதிய பதிப்புக்குத் தக்கபடி மாற்றி வைத்துவிட்டது. இனி அவை பழையதில் திறக்காது.

"இன்னிக்குத்தானா? இன்னிக்கேதானா இதைப் பண்ணணும்?" பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள்.

முப்பதைத் தாண்டிய ஒருத்தியை வீடும் தெருவும் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகின்றன. அவளும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். நாம் மட்டும் திருந்தி என்ன ஆகப்போகிறது, பாப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. ஒரு பக்கம் நீலத் துணி, ஒரு ஸ்டூல், குடை மாட்டிய இரண்டு விளக்குகள். அது அம்மாவின் இடம். இன்னொரு பக்கம் மேஜை, இரண்டு திரைகள், உட்கார்ந்தால் கீச்சிடும் ஒரு நாற்காலி. அது பாப்பாவுடையது. அப்பா வெளியே போய் வீடியோ எடுத்து வருவார், பாப்பா வெட்டி ஒட்டி ஒழுங்காக்குவாள். அவர் எடுத்ததை ஒழுங்காக்குவது என்ன பாடு என்பது அவளுக்கும் அந்த நாற்காலிக்கும்தான் தெரியும்.

நடுவில் சில வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. டாக்குமெண்டரி எடுக்கிற பெரிய கம்பெனி ஒன்றில் எடிட்டர் தேவை என்று கேள்விப்பட்டு பாப்பா போனாள். ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, ஆறு ஒன்றைப் பற்றிய படத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து எடிட் செய்யச் சொன்னார்கள். முடித்ததை அங்கிருந்த மேடம் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்கே" என்றார். சீக்கிரம் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

கூப்பிடவே இல்லை. வாரங்கள் ஓடின.

"பெரிய இடம்மா அது. அவங்களுக்கு நம்மளை எல்லாம் ஞாபகமா இருக்கும்? மறந்திருப்பாங்க. விட்டுத்தள்ளு" என்று அப்பா தேற்றினார். ஒன்றுக்கு நாலு தடவை தேற்றினார்.

நாமே ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன என்று அம்மா சொன்னாள். பாப்பாவுக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்று விட்டவர்களிடம் போய், ஏன் வேண்டாம் என்று கேட்பதா? தன் வேலை அவ்வளவுதான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். அதிலிருந்து சோறு இறங்கவில்லை, யாராவது ஒன்று கேட்டால் பாதிப் பதில்தான் வரும். இதுவரை கதை இவ்வளவுதான்.

இப்போது இன்றைய தலைவலிக்கு வருவோம்.

டான்ஸ் பள்ளியின் ஆண்டு விழா வீடியோவை இன்று சாயங்காலம் கொடுக்க வேண்டும். ஹாலில் பெரிய திரை கட்டி, எல்லா அப்பா அம்மாக்களையும் வரச்சொல்லிவிட்டார் டான்ஸ் டீச்சர். படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இங்கே கொஞ்சம் வெளிச்சம், அங்கே கொஞ்சம் நிறம், அவ்வளவுதான் பாக்கி. மதியத்துக்குள் முடித்துவிட்டுத் தலைக்குக் குளிக்கலாம் என்றிருந்தாள்.

திரையில் பார்த்தால், வழக்கமான எதுவுமே வழக்கமான இடத்தில் இல்லை.

முன்பெல்லாம் ஒரு காட்சித் துண்டை, அதாவது கிளிப்பை, இரண்டு தட்டுத் தட்டினால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். வெளிச்சம், நிறம், வேகம், சத்தம் எல்லாம் அதிலேயே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இப்போது அதற்குப் பதிலாக வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளமான பேனல் வந்து உட்கார்ந்திருந்தது. 'கிளிப் அட்ஜஸ்ட்மெண்ட்' என்று தலைப்பு. அதற்குள் பகுதி பகுதியாகப் பூட்டி வைத்திருந்தார்கள். வெளிச்சத்தைத் திறந்தால் நிறம் மூடிக்கொண்டது. நிறத்தைத் திறந்தால் வெளிச்சம் மூடிக்கொண்டது.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சிருக்காங்களாம். ஒரே நேரத்துல பாக்கத்தான் விடமாட்டாங்களாம். யாரு பெத்த பிள்ளைங்கடா நீங்க எல்லாம்!"

"யாரைடி திட்டுறே?" என்றாள் அம்மா.

"இதைச் செஞ்சவங்களை."

"அவங்களுக்குக் கேக்காது. மெதுவாத் திட்டு, கஸ்டமர் வந்திருக்காங்க."

ஸ்டூலில் படம் எடுக்க உட்கார்ந்திருந்த ஆள், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

பின்வரிசையில் மஞ்சள் உடுப்புப் போட்ட சிறுமியின் முகம் இருட்டாக இருந்தது. மகள் பளிச்சென்று தெரியவேண்டும் என்று அவளுடைய அம்மா டீச்சருக்கு மூன்று நாளாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா அந்தக் கிளிப்பைத் தொட்டு, பேனலில் வெளிச்சத்துக்கான ஸ்லைடரை வலது பக்கம் இழுத்தாள். மஞ்சள் சிறுமி பளிச்சென்று ஆனாள். அப்பாடா என்று இருந்தது.

அடுத்த கிளிப்பைப் போட்டால் மேடையே வெளுத்துப்போயிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். டீச்சர் பரிசு கொடுக்கிற காட்சியில் அவருக்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை, புடவையும் இரண்டு கம்மலும்தான் தெரிந்தன.

ஒன்றைத் திருத்தியதற்கு, அந்தக் கேமராவில் எடுத்த அத்தனை கிளிப்பும் சேர்ந்து மாறிவிட்டன. பழையபடி ஆக்கினால் மஞ்சள் சிறுமி இருட்டுக்குப் போனாள். மறுபடி இழுத்தாள், மறுபடி டீச்சருக்கு முகம் போயிற்று. இப்படியே காலைப்பொழுது கரைந்தது.

அப்பா பின்னால் வந்து நின்றுகொண்டார். வேலை நடக்கும்போது பின்னால் ஆள் நின்றால் பாப்பாவுக்குப் பிடிக்காது. அதுவும் யோசனை சொல்கிற ஆள் என்றால் கேட்கவே வேண்டாம்.

"அந்த ஓரத்துல சங்கிலி மாதிரி ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"அப்பா, தயவுசெஞ்சு போங்க."

"இல்ல, கேட்டேன்."

"நேத்து நீங்க அமுக்கினதே போதும். வெளியில ஏதாவது வேலை இருந்தா பாருங்களேன்."

"டிரைபாடு கால் ஒண்ணு லூசா இருக்கு. சரி பண்ணிட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் அப்பா. முகம் கொஞ்சம் சுண்டித்தான் போயிற்று.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், பாப்பா அந்தச் சங்கிலிப் படத்தைத் தட்டிப் பார்த்தாள். சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. இப்போது ஒரு கிளிப்பை மாற்றினால் அது மட்டும் மாறியது. சங்கிலி சேர்ந்திருந்தால் எல்லாம் மாறும், பிரித்துவிட்டால் ஒன்று மட்டும். இதை முதலிலேயே ஒரு வரி எழுதிவைத்தால் இந்தப் புண்ணியவான்களுக்கு என்ன குறைந்துவிடும்? அப்பா சொன்னது சரியாகப் போயிற்றே என்பதில் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

ஒருவழியாக வெளிச்சமும் நிறமும் முடிந்தன. அதற்குள் டீச்சர் போன் செய்துவிட்டார்.

"முடிஞ்சிடுச்சாம்மா?"

"முடிஞ்ச மாதிரிதாங்க. ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாத்துட்டு எடுத்துவைக்கிறேன்."

"அந்த மஞ்சள் டிரெஸ்..."

"பளிச்சுன்னு இருக்காங்க. எனக்கே கண்ணு கூசுது."

போனை வைத்துவிட்டு, ஸ்பீக்கரைக் கூட்டி, முதலிலிருந்து ஓடவிட்டாள். திரை விலகியது. குழந்தைகள் வரிசையாக வந்து வணங்கினார்கள். பாட்டு ஆரம்பித்தது. பாட்டுக்கு மேல் அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏய், தலை, தலை! யாருய்யா அது, உக்காருய்யா!"

அம்மா திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். "அதுக்குள்ள வந்துட்டாரா?"

"இல்லம்மா. இதுக்குள்ள இருக்காரு" என்று திரையைக் காட்டினாள் பாப்பா.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நின்றால் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ம்ம், அப்படித்தான்" என்பார். மேடையில் இருப்பவர்களுக்கு உத்தரவு போடுவார். குறுக்கே போகிறவர்களைத் திட்டுவார். பாட்டுத் தெரிந்தால் சேர்ந்து பாடுவார். போன் வந்தால் ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசுவார். அதனால் பாப்பா ஆரம்பத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மேடைச் சத்தத்தைத் தனி ரெக்கார்டரில் பிடித்துவிடுவார்கள். அப்பாவின் கேமராவில் பதிந்த சத்தத்தை அவள் ஒரு நொடிகூடக் கேட்பதில்லை. உள்ளே எடுத்ததும் மொத்தமாக ம்யூட் செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இது அப்பாவுக்கும் தெரியும். "என் கேமராவுக்குக் கண்ணு மட்டும்தான், காது கிடையாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அந்தத் தைரியத்தில் வாயும் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டேதான் வந்தது.

புதிய பேனல் அந்தப் பழைய ம்யூட்டை எல்லாம் துடைத்து எறிந்துவிட்டிருந்தது. அது மட்டுமா? சத்தத்துக்கான பகுதியில் 'குரல் தெளிவு' என்று ஒன்று, யாரும் கேட்காமலேயே டிக் ஆகியிருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் யார் முணுமுணுத்தாலும் அதைத் தூக்கி முன்னால் வைத்து, பாட்டைப் பின்னால் தள்ளியது. அப்பா மைக் வைத்துப் பேசியதைப்போல் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

சங்கிலியைச் சேர்த்து ஒரே அடியாக ம்யூட் செய்து பார்த்தாள். மேடைச் சத்தமும் சேர்ந்து போயிற்று. குழந்தைகள் ஊமைப் படத்தில் குதித்தார்கள். சங்கிலியைப் பிரித்தால் ஒவ்வொரு கிளிப்பாகத்தான் குறைக்க வேண்டும். அப்படி எத்தனை கிளிப்! பாப்பாவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லாததால் வேலையைத் தொடர்ந்தாள்.

நாலைந்து கிளிப் போயிருக்கும். ஒன்றில் பாட்டுக்கு நடுவே போன் மணி அடித்தது.

"ஹலோ... ஆமாங்க, ஸ்டூடியோதான். சொல்லுங்க."

பாப்பா கையை ஸ்லைடருக்குக் கொண்டுபோனாள்.

"நான் அவ அப்பாதாங்க பேசறேன்... ஓ, அந்தப் படக் கம்பெனிங்களா?"

கை நின்றுவிட்டது.

திரையில் ஆறு சிறுமிகள் வட்டமாகச் சுற்றினார்கள். அவர்களுக்கு மேலே அப்பாவின் குரல் நிதானமாகப் பேசிக்கொண்டு போயிற்று.

"அப்படிங்களா... எடுத்துக்கறதாவே முடிவு பண்ணிட்டீங்களா... ரொம்ப சந்தோஷங்க."

பாட்டு மட்டும் ஓடியது. கேமரா லேசாக ஆடி நின்றது.

"இல்லைங்க. அவ வரலைங்க... ஆமாங்க, அவளேதான் சொன்னா. இங்கயே இருக்கேன்னுட்டா... இல்ல இல்ல, அவகிட்டக் குடுக்க வேண்டாம். அவளுக்குக் கூச்சம், நேர்ல சொல்லமாட்டா... அதான் நானே சொல்லிடறேன்... அப்புறங்க..."

ஆட்டம் முடிந்து ஹாலே கைதட்டியது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பாப்பா திரையை நிறுத்தினாள். கம்பெனிக்குப் போன அன்று அவள் ஸ்டூடியோவின் கார்டைத்தான் கொடுத்துவிட்டு வந்தாள். தொழில் செய்கிறவள் என்று தெரியட்டுமே என்ற பெருமை. கார்டில் இருப்பது அப்பாவின் நம்பர்.

"திரும்பப் போடு" என்றாள் அம்மா. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

"எதுக்கும்மா?"

"போடுன்னா போடு."

போட்டாள். அம்மா நின்றபடியே கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்து, ஸ்டூலில் அடுத்துப் படம் எடுக்க உட்கார்ந்திருந்த வேறொருவரிடம், "தம்பி, படம் நாளைக்கு வாங்கிக்கோங்க" என்றாள். அந்த ஆளுக்கு அது புரிந்தது. சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வரும்போது டிரைபாடு ஒரு தோளில், மூன்று டீ ஒரு கையில். "கால் நல்லாப் பொருந்திடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கடைக்காரன் வேலைக்காரன்..." என்று ஆரம்பித்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்தினார்.

"என்ன, இன்னும் சரியாகலையா அது?"

பாப்பா பட்டனைத் தட்டினாள்.

தன் குரல் வந்ததும் அப்பா முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். "அட, நம்ம குரலா இது" என்று வாய்வரை வந்துவிட்டது. 'படக் கம்பெனிங்களா' என்ற இடத்தில் சிரிப்பு போயிற்று. டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டூலின்மேல் வைத்தார்.

"அது... அது வேற கம்பெனிம்மா."

"எது வேற கம்பெனி?" என்றாள் அம்மா. "உங்களுக்கு எத்தனை படக் கம்பெனியிலேருந்து போன் வருது?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்துதான் இப்படி ஆச்சு. இவ ஒரு மாசமா சரியா சாப்பிடாம கெடந்தாளே, நீங்க பக்கத்துல உக்காந்து சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு சாப்பிட்டீங்களே, எப்படிங்க இறங்குச்சு?"

அப்பா மகளைப் பார்த்தார். "நீ போயிட்டா இங்க யாரு பாப்பா பாப்பா?" சொல்லிவிட்டு அவருக்கே அது வாயில் சிக்கியது. "யாரு பாத்துக்குவான்னு கேக்கறேன். இந்த மிஷின்ல காப்பி பண்றதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்கம்மாவுக்கும் தெரியாது. கடையை மூடிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"அதை நேரா சொல்லியிருக்கலாமே!"

பாப்பா எழுந்து நின்றாள்.

"போகாதேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். ஒருவேளை போகாமக்கூட இருந்திருப்பேன். நீங்க என்ன சொன்னீங்க? அவங்க என்னை மறந்துட்டாங்கன்னு சொன்னீங்க. எனக்கு வேலை தெரியலைன்னு நானே நினைச்சுக்கிட்டேன்பா. தினம் இந்த நாற்காலியில உக்காந்து, நான் எங்க தப்புப் பண்ணேன், எந்த இடத்துல வெட்டினது அவங்களுக்குப் பிடிக்கலைன்னு யோசிச்சு யோசிச்சு... அதை நீங்க பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க?"

"சொல்லணும்னுதாம்மா இருந்தேன்."

"எப்ப?"

டீ ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

சமயம் தெரியாமல் போன் அடித்தது. டான்ஸ் டீச்சர். அம்மாதான் எடுத்தாள். "வந்துகிட்டே இருக்குங்க... ஆமா ஆமா, மஞ்சள் டிரெஸ் எல்லாம் நல்லா இருக்கு" என்று சமாளித்துவிட்டு வைத்தாள்.

"பசங்க வந்து உக்காந்துடுவாங்கடி" என்றாள் மகளிடம்.

பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை அப்பாவின் பக்கம் திருப்பினாள்.

"உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான். இது பாட்டு, இது உங்க குரல். நீங்க சொன்ன அதே சங்கிலிதான், அதைப் பிரிச்சு வெச்சிருக்கேன், தொடாதீங்க. ஒரு ஒரு கிளிப்பா ஓடவிடுங்க. உங்க குரல் வந்தா இந்த ஸ்லைடரை இடது பக்கம் கடைசிவரைக்கும் இழுங்க. முடிஞ்சா அடுத்தது. ஒண்ணைக்கூட விட்டுடக்கூடாது, அத்தனையும் கேட்டாகணும்."

"எனக்கு வராதும்மா இதெல்லாம்."

"எனக்கும் காலையில வரலை."

அப்பா உட்கார்ந்தார். நாற்காலி கீச்சென்றது. அவள் ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டாள். கொஞ்சம் வேகமாகத்தான் மாட்டினாள். ஒரு திட்டு, ஒரு பாட்டு, "ம்ம், அப்படித்தான்" என்று தான் பேசியதை எல்லாம் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார் மனுஷர். சுட்டுவிரல் ஒன்றை மட்டும் நீட்டி மவுஸைப் பிடித்திருந்தார். ஸ்லைடர் போகவேண்டிய பக்கம் போகாமல் எதிர்ப் பக்கம் போயிற்று. "சீ!" என்றார். யாரும் உதவிக்குப் போகவில்லை.

பாப்பா பின்பக்கம் போய், துணி காயப்போடும் இடத்தில் வெகுநேரம் தயங்கி நின்றுவிட்டு, கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

மேடமே எடுத்தார். பெயரைச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை, அந்த ஆற்றுப் படம் என்றதுமே தெரிந்துகொண்டார்.

"நீங்களா! வரலைன்னு சொல்லிட்டீங்களே."

"நான் சொல்லலைங்க மேடம். எனக்கு நீங்க கூப்பிட்டதே இன்னிக்குத்தான் தெரியும்."

"ஓகோ" என்றார் மேடம். "இப்ப இன்னொருத்தரைப் பேசி வெச்சிருக்கோம்மா. இன்னும் முடிவாகலை. எனக்கு உங்க வேலைதான் பிடிச்சுது, அன்னிக்கே சொன்னேன். நிஜமாவே வர்றதா இருந்தா நாளைக்குக் காலையில வந்துடுங்க. நாளைக்கு விட்டா அப்புறம் என் கையில இல்லை."

"வர்றேன் மேடம்." யோசிக்காமல் வந்தது அந்த வார்த்தை. "கண்டிப்பா வர்றேன்."

தன் வேலை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அந்தக் கொடிக்குக் கீழே நின்று அவளுக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. போனை வைக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்மா. உங்க அப்பா விஷயம் ஒண்ணு இருக்கு."

"என்ன மேடம்?"

"அன்னிக்கு நீங்க வரலைன்னு சொல்லிட்டு, அதே போன்ல கொஞ்சம் இழுத்தாரு. கேமராவுக்கு ஆள் எடுப்பீங்களா, நானும் ரொம்ப வருஷமா எடுக்கறேன், என்னைப் பாக்கறீங்களான்னு கேட்டாரு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. எடுத்ததை அனுப்புங்க, பாக்கறோம்னேன். மறுநாளே அனுப்பிட்டாரு."

கடையை யார் பார்த்துக்கொள்வது என்று சற்றுமுன் கேட்ட மனுஷரா?

"அப்புறம் வாரா வாரம் போன் பண்றாரு" என்றார் மேடம். "பாத்துட்டு சொல்றோம்னு தள்ளிக்கிட்டே வர்றேன். பாத்தாச்சும்மா. நமக்கு அது சரிப்பட்டு வராது. வயசானவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க பொண்ணு, பக்குவமா நீங்களே சொல்லிடுங்களேன்."

போன் நின்றபிறகும் அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் அவரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே இடத்திலிருந்து ஒரு பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். அவளுக்கு வந்ததை அவர் மறைத்துவிட்டு, தனக்கு வருமா என்று பார்த்திருக்கிறார். அதை நினைக்க நினைக்கக் கொதித்தது. அவர் அனுப்பிய வீடியோவை அவரே எப்படியோ தட்டுத்தடுமாறி வெட்டி ஒட்டியிருக்க வேண்டும், அவளிடம் கேட்கவும் முடியாதே என்று நினைத்தபோது கொதிப்பு எங்கேயோ பிசகியது. பாவம் என்று ஒரு எண்ணம் வந்தது. இந்த மனுஷருக்காகப் பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

திரும்பினாள். பின்வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"முடிச்சுட்டேன்" என்றார். "எல்லாத்தையும் கேட்டுட்டேன். ரொம்பத்தான் பேசறேன் நான்."

பாப்பா கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

"போன்ல அந்த மேடமா?"

"ஆமா."

"உன்னை வரச்சொன்னாங்களா?"

"நாளைக்குக் காலையில."

"போயிட்டு வா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார், அது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை. கதவுத் தாழ்ப்பாளை ஏற்றினார், இறக்கினார். எண்ணெய் போடவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவளைப் பார்க்காமல், கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாம்மா?"

'இன்னும் பாக்கலையாம்பா, கொஞ்ச நாள் ஆகுமாம்' என்று ஒரு பொய் பாப்பாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. தேடாமலே, தடங்கலே இல்லாமல் வந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்றைக்குப் பட்ட எரிச்சலை எல்லாம்விடப் பெரிய எரிச்சலாக இருந்தது.